கொழும்பா, திருகோணமலையா: பிள்ளைக்குக் கடும் மனநோய் வந்தால் எங்கே காட்டுவது?

"மாமா, ஃபேனை நிப்பாட்டுங்க. அது என்ட பேரச் சொல்லுது."

அக்காவின் மகன் இதைச் சொன்னபோது அவனுக்கு 16 வயது. திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்து வீட்டில் மத்தியான வெயில் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் ஃபேனை நிறுத்தினேன். இறக்கை நின்ற பிறகும் அவன் காதைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன், சுவிட்ச் போர்ட்டின் ஓட்டைகளுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அக்கா போட்ட சோறு மூடியபடி மேசையில் கிடந்தது. தன் கையால் உடைத்த பிஸ்கட் பக்கெட்டைத் தவிர வேறெதையும் அவன் பத்து நாளாகத் தொடவில்லையாம்.

பின்னேரம் ஹோலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் செய்வினை என்றார். ரியூஷன் சேர் படிப்புச் சுமை என்றார். கொழும்பிலிருந்து பெரியப்பா ஃபோனில், "உடனே இங்க கொண்டு வாங்க, திருகோணமலையில என்ன இருக்கு?" என்று கத்தினார். அக்காவுக்கு ஒரே பயம்: "தம்பி, இவன அங்கொடைக்குக் கொண்டுபோனா ஊரில என்ன சொல்லுவாங்க?" அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி.

அந்த ஹோலில் இன்று யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. இரண்டு வருடமாக அவனோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பவன், அவ்வளவுதான். ஆனால் கிளினிக் வாங்கிலிருந்து தெரியும் சில விஷயங்கள் ஹோலில் இருந்து பார்த்தால் தெரிவதில்லை.

எங்கே போவது என்று யோசிக்கும் முன்பு ஒரு காரியம். காய்ச்சலோடு தொடங்கியதா? வலிப்பு வந்ததா? ஒரு நேரம் தெளிவாகவும் இன்னொரு நேரம் ஆளையே தெரியாமலும் இருக்கிறதா? வாயும் கையும் தானாக ஏதோ செய்துகொண்டிருக்கின்றனவா? சில நாட்களுக்குள் பிள்ளை முற்றாக மாறிவிட்டதா? இதில் ஒன்றுக்கு ஆமென்றால் ஒப்பீடு எதுவும் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மூளை அழற்சி, வலிப்பு நோய், தைராய்டு, செம்பு உடம்பில் தேங்கும் வில்சன் நோய் எல்லாம் மனநோய் வேஷத்தில் வரக்கூடியவை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு வகை அழற்சி 2007இல்தான் மருத்துவ உலகில் தெளிவாக விவரிக்கப்பட்டது. இளம் பெண்பிள்ளைகளில் சூலகக் கட்டியோடு சேர்ந்தும் அது வருவதுண்டு. பிள்ளை அலறும், விறைக்கும், யாரையோ பார்த்துப் பேசும். பேய் பிடித்ததென்று சொல்ல அதற்கு மேல் என்ன வேண்டும்? நேரத்துக்குக் கண்டுபிடித்தால் குணமாகும் நோய் அது.

எங்கள் பிள்ளைக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தது ஆறு வாரம் கழித்துத்தான். அந்த ஆறு வாரமும் எங்கே போனதென்று சொல்ல வேண்டும்.

நூல் கட்டினோம். தப்பென்று சொல்ல வரவில்லை. திருகோணமலையில் கோணேசருக்கு நேர்த்தி வைக்காத வீடும் குறைவு, பள்ளியில் தண்ணீர் ஓதி வாங்காத வீடும் குறைவு, ஜெபக்கூட்டத்துக்குப் போகாத வீடும் குறைவு. மூன்று மதத்துக்காரரும் மற்றவர் வாசலுக்குப் போய் வருவதைப் பார்த்திருக்கிறேன். அது அக்காவுக்குத் தூக்கம் தந்தது, தூங்கிய தாயால்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். ஆனால் நூல் கட்டியவர் "ஒரு மண்டலம் பொறுங்க, இங்கிலீஷ் மருந்து சேர்த்தா வேலை செய்யாது" என்றார். நாங்களும் பொறுத்தோம். மனப்பிறழ்வு, அதாவது இல்லாத குரல் கேட்பதும் இல்லாததை நம்புவதும், தொடங்கி மருந்து தொடங்கும் வரை கடக்கும் காலம் நீள நீள, பிறகு கிடைக்கும் குணம் குறையும் என்பது பல நாடுகளில் பார்த்து அறிந்த விஷயம். எங்களுக்கு அது தெரியாது. இப்போது யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன்: நூல் கட்டலாம், பூசை செய்யலாம், ஓதலாம். அடிப்பது, புகை போடுவது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது கூடாது. மருந்தை நிறுத்தச் சொன்னால் அன்றோடு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஆஸ்பத்திரிக் கணக்கு. எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. தம்பலகாமத்திலிருந்து ஒரு பஸ். எல்லாம் இலவசம். டொக்டரோடும் தாதியரோடும் தமிழில் பேசலாம், இல்லையென்றால் தமிழில் பேச ஒருவரைக் கூப்பிடலாம். குறை என்னவென்றால் கூட்டம். கிளினிக் நாளில் உங்கள் முறை வர மத்தியானமாகும், வந்தால் சில நிமிஷம். பிள்ளைகளுக்கென்றே தனியான மனநல வார்டை மாவட்ட மட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. 16 வயதுப் பொடியன் பெரியவர்கள் இருக்கும் வார்டில் படுக்க வேண்டி வரலாம் என்பது எந்தப் பெற்றோரின் வயிற்றையும் கலக்கும். கூடவே ஒருவர் நிற்கலாமா என்பதை முதலில் கேளுங்கள்.

சனல் பண்ணுவது, அதாவது காசு கட்டி டொக்டரைத் தனியாரில் பார்ப்பது. பின்னேரம், ஏசி அறை, பத்து நிமிஷம் கூடுதலாகப் பேச்சு. ஊரார் கண்ணில் படாமல் போய் வரலாம், அதற்காகவே பலர் போகிறார்கள். ஆனால் அநேகமாக காலையில் கிளினிக்கில் இருக்கும் அதே வகை டொக்டர்தான் பின்னேரம் அங்கே இருப்பார். காசு கொடுத்து வாங்குவது நேரம், வேறு மருத்துவம் அல்ல. இரவில் பிள்ளை கத்தி எடுத்துக்கொண்டு நின்றால் சனல் சென்டர் பூட்டியிருக்கும். முதல் பேச்சுக்குச் சரி, நடுவில் ஒரு சந்தேகத்துக்கும் சரி. வருடக்கணக்கான கடும் நோயை அதை மட்டும் நம்பி நடத்தினால், கை வறளும் மாதத்தில் மருந்தும் நிற்கும். அப்படி நின்ற இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும்.

கொழும்பு. பொறளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநல சேவை இருக்கிறது. அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. சிறுவர் மனநலத்தையே தனியாகப் படித்த நிபுணர்களில் கூடுதலானவர்கள் தலைநகர்ப் பக்கம்தான். மூளை ஸ்கேன், அரிய இரத்தப் பரிசோதனை, நரம்பியல் நிபுணர் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பெரியப்பா சொன்னது பொய்யில்லை. ஆனால் 260 கிலோமீட்டர். இரவு ரயிலில், குரல் கேட்கும் ஒரு பிள்ளையோடு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் அவன் இறங்கப் பார்த்தான், நானும் அத்தானும் கதவுக்குக் குறுக்கே மாறி மாறி உட்கார்ந்தோம். இன்னொன்று மொழி. காய்ச்சலைச் சைகையில் சொல்லிவிடலாம். "என் எண்ணத்தை யாரோ வெளியில் வாசிக்கிறார்கள்" என்பதைச் சைகையில் சொல்ல முடியுமா? அவன் சொன்னதை நான் என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். நடுவில் எவ்வளவு கொட்டுண்டதோ.

நாலாவது வழியை ஹோலில் ஒருவரும் சொல்லவில்லை. மட்டக்களப்பு அல்லது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. மட்டக்களப்பு கொழும்புத் தூரத்தில் பாதிதான், பேச்சு முழுக்கத் தமிழில். திருகோணமலை டொக்டருக்கு இன்னொரு கருத்துத் தேவைப்பட்டால், அல்லது உங்களுக்கே தேவைப்பட்டால், கொழும்புக்கு டிக்கெட் போடும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சைதான் முக்கியமாகத் தேவை என்றால் இதுதான் எனக்கு முதல்.

இந்த நாலில் எது நல்லது என்ற கேள்வியே பிழையென்று எனக்கு விளங்கியது இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் ஒரு சின்னக் குழாயால்.

முதலில் அவனுக்கு ரிஸ்பெரிடோன். குரல் கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. பிறகு ஒலன்ஸபீன். தூங்கினான், சாப்பிட்டான், சாப்பிட்டான், சாப்பிட்டான். பள்ளிக்கூடக் காற்சட்டை இரண்டு தரம் மாற்றினோம். அமெரிக்காவில் 8 முதல் 19 வயது வரையான பிள்ளைகளிடம் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒலன்ஸபீன் எடுத்தவர்கள் 8 வாரத்தில் சராசரியாக 6 கிலோ கூடினார்கள். ரிஸ்பெரிடோன் எடுத்தவர்கள் 3.6 கிலோ. அந்த எடை காரணமாக ஒலன்ஸபீன் பிரிவில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதையே இடையில் நிறுத்தினார்கள். அதே ஆய்வில் எந்த மருந்துக்கும் பாதிக்கு மேல் பிள்ளைகள் தேறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். முதல் குளிசை வேலை செய்யாவிட்டால் டொக்டர் மோசம் என்று அர்த்தமில்லை, இந்த நோயின் கணக்கே அப்படித்தான்.

இரண்டு மருந்தையும் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குணமில்லை என்றால் குளோசபீன். பிள்ளைகளின் கடும் மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) மற்ற மருந்துகள் தோற்ற இடத்தில் ஜெயிக்கக்கூடியது அதுதான். அதற்கு ஒரு விலை உண்டு: சிலருக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழும். அதனால் வழக்கமான முறைப்படி முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்தம், பிறகு ஒரு வருடம் முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. நடுவில் தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது, அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது, அடியிலிருந்து ஏற்ற வேண்டும்.

இப்போது யோசியுங்கள். 18 வாரம் கொழும்புக்குப் போக எந்த வீட்டால் முடியும்? அத்தானுக்கு வயல். அக்காவுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். கொழும்பின் மிகச் சிறந்த நிபுணர் எழுதிக் கொடுத்த மிகச் சிறந்த மருந்து, நாலாவது வாரம் பஸ் காசு இல்லாததால் நின்றுபோகும். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இரத்தப் பரிசோதனையை அங்கேயே செய்யலாமா என்று கேட்டு வைத்துக்கொண்டால், திருகோணமலைப் பயணம்கூடப் பாதியாகக் குறையும்.

ஆகவே நாங்கள் செய்தது இது. கொழும்புக்கு ஒரே ஒரு தரம் போனோம், குளோசபீன் தொடங்கும் முன், நோய் மனச்சிதைவுதானா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல. திருகோணமலை டொக்டரே கடிதம் எழுதித் தந்தார். கடிதம் இல்லாமல் போனால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். டொக்டர் என் சிங்களத்தை விட்டுவிட்டு அந்தக் கொப்பியைத்தான் வாசித்தார். மருந்துப் பெயர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. திரும்பி வரும்போது கையில் டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன நோய் என்று எழுதிய அட்டை, இருந்தது. அதை இங்கே கொடுத்தோம். சிகிச்சையின் வேர் இங்கே, திருகோணமலையில்தான்.

கொழும்புதான் வேண்டும் என்ற இடங்களும் உண்டு. 12, 13 வயதுக்குக் கீழே மனப்பிறழ்வு வந்தால், அது மிக அரிது, பிள்ளை மனநல நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். உடல் நோய்ச் சந்தேகம் தீராவிட்டால். சாப்பாட்டை நிறுத்தி எலும்பாகப் போகும் பிள்ளை என்றால். இவற்றில் தூரம் பார்க்காதீர்கள்.

குளிசையா, கவுன்சிலிங்கா என்று அடுத்த சண்டை. படித்த குடும்பங்களில் இது கூட. "சின்னப் பிள்ளைக்கு மருந்து குடுத்து மூளையைக் கெடுக்காதீங்க, கவுன்சிலிங் குடுங்க" என்பார்கள். நோயைப் பார்த்துத்தான் பதில். குரல் கேட்பது, தாய் நஞ்சு வைக்கிறாள் என்று நம்புவது, நாலு நாள் தூங்காமல் ஓடித்திரிவது, இவற்றைப் பேச்சால் மட்டும் இறக்க முடியாது. கடும் மனச்சோர்வு வேறு கதை. 12 முதல் 17 வயது வரையான 439 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் 12 வாரத்தில் தேறியவர்கள்: மனச்சோர்வு மருந்தான ஃபுளூவொக்ஸெட்டினும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்து எடுத்தவர்களில் 71 வீதம், மருந்து மட்டும் 61, பேச்சு மட்டும் 43, வெறும் போலிக் குளிசை 35. இரண்டும் சேர்ந்தால்தான் மேல். சொல்லப்போனால் அந்த 35தான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அதே 2004இல்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மருந்துகள் பிள்ளைகளில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. ஆய்வுகளில் அப்படி எண்ணமோ முயற்சியோ வந்தது போலிக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 2 பேருக்கு, மருந்து எடுத்தவர்களில் 100க்கு 4 பேருக்கு. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலை செய்து இறக்கவில்லை. இதைக் கேட்டு மருந்தை எறிய வேண்டாம். தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்பதுதான் இதில் நமக்குள்ள வேலை. நம் ஊரில் அது இன்னும் ஒருபடி மேலே போகும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் வீடுகளில் பூச்சி மருந்துப் போத்தல் கதவு மூலையில்தான் நிற்கும். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை இறங்கியதில் பெரிய பங்கு, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததற்கு. அத்தான் தன் போத்தல்களை அடுத்த வளவுக் கொட்டிலில் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார். குளிசைகள் அக்காவின் அலுமாரியில், வாரத்துக்கு வேண்டியது மட்டும் வெளியே.

மனம் எகிறி விழும் இருதுருவ நோய்க்கு லித்தியமா, வல்ப்ரோவேட்டா என்று கேட்டால், பெண்பிள்ளை என்றால் வல்ப்ரோவேட்டைப் பற்றி டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் அது பட்டால் 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரும், இன்னும் பல குழந்தைகளுக்குப் படிப்பும் பேச்சும் பின்தங்கும். 15 வயதில் தொடங்கும் குளிசை 22 வயதில் கல்யாணத்தோடு போகும் என்பதை நம் வீடுகளில் யாரும் கணக்கிடுவதில்லை. லித்தியத்துக்கு நம் வெயில்தான் எதிரி. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். வயிற்றோட்டம் வந்தால், கை நடுங்கி நடை தடுமாறினால், அன்றே ஆஸ்பத்திரி. லித்தியம் எடுக்கும் பிள்ளைக்குக் கால் சுளுக்கென்று ஃபார்மசியில் டிக்ளோஃபெனாக் என்ற நோவுக் குளிசை வாங்கிப் போடக் கூடாது. நோன்பு பிடிக்கும் பிள்ளை என்றால் ரமழான் வரும் முன்பே டொக்டரிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் டொக்டரிடம்தான் கேட்க முடியும்.

கரண்ட் வைப்பது, அதாவது மின்னதிர்ச்சிச் சிகிச்சை, என்றாலே வீட்டில் அழுகை. பிள்ளைகளுக்கு அது மிக அரிதாகத்தான், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் உடம்பு விறைத்து, பேசாமல், தண்ணீரும் குடிக்காமல் கிடக்கும் பிள்ளைக்கு, விறைப்பைத் தளர்த்தும் லொரஸெபாம் மருந்து கொடுத்தும் அசையவில்லை என்றால், அதுதான் உயிரைக் காக்கும். வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

"கல்யாணம் கட்டி வச்சா சரியாகிடும்" என்ற வழியை நான் ஒப்பிடப் போவதில்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்வதா, மறைப்பதா என்பதில் அக்காவோடு எனக்கு இன்றுவரை சண்டை. நான் சொல்லச் சொன்னேன். வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் சொன்னோம். அவர் பொடியனைக் கடைசி வாங்கிலிருந்து ஜன்னலோரம் மாற்றினார், காலையில் மருந்து மயக்கத்தில் தலை சாய்ந்தால் கண்டும் காணாமல் விட்டார். அக்கா பயந்தது ஊர்ப் பேச்சுக்கு. அதுவும் வந்தது, மறுக்கவில்லை. ஒரு நாள் யாரோ "அங்கொடை" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து, "அவனுக்கு வழியே தெரியாது மாமா, நான் போய்ப் பார்த்த ஆள்" என்றான். இரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் பகிடி அது.

ஓ/எல் பரீட்சையை ஒரு வருடம் பிந்தி எழுதினான். குரல்கள் முழுதாகப் போகவில்லை, தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கிறதாம். எடை நிற்கவில்லை, அதனால் பின்னேரம் குளக்கட்டில் நடக்கிறான். இப்போது இரத்தம் மாதம் ஒருமுறை. அடுத்த கிளினிக்குக்குத் தனியாகப் போகிறேன் என்கிறான். அக்கா விடமாட்டேன் என்கிறார். நான் பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, தெரியாத ஆள் மாதிரி வருவதென்று பேசி முடித்திருக்கிறோம்.